தம்பி சுட்ட நீறு

சிவமயம்
எஸ்பியர்க்
26.02.2009

அன்புள்ள பிள்ளை நிஷாந்திக்கு,

அம்மா ஏன் போன் எடுக்காமல் கடிதம் போடுறா எண்டு யோசிப்பாய். வீட்டு லைனை ஒருதரும் தொடக்கூடாதெண்டு சொல்லிப்போட்டன். குலேந்திரன் மாமாவுக்குப் பாடமாத் தெரிஞ்சது இந்த ஒரு நம்பர்தான். புதுக்குடியிருப்புப் பக்கம் ஆரோ சற்றலைட் போன் வைச்சு நிமிசக் கணக்கில சனத்தைக் கதைக்க விடுகினமாம். அவன் செல்லடிக்குள்ள வரிசையில நிண்டு எடுக்கிற நேரம் நான் இஞ்சயிருந்து உன்னோட கறிச்சட்டிக் கதை கதைச்சுக்கொண்டிருந்தால் என்ன மாதிரி? கொப்பற்ற கைபோன் அவரோட மீன் பக்டரிக்குப் போயிடும். உன்ர கைபோனை உங்கட ஆராய்ச்சிக்கூடத்துத் தூசில்லா அறைக்குள்ள விடாயினம். ஆனபடியால் முத்திரை ஒட்டுறன்.

இதோட ஒரு சின்ன டப்பா வருது. பழைய கமராப் பிலிம் சுருள் வந்த டப்பா. பயந்துபோகாதை, உள்ளுக்குத் திருநீறு. கடையில வாங்கினதில்லை. சமாதான காலத்தில ஒரு சிவராத்திரிக்கு மாமா தன்ர மாட்டுச் சாணியை உருட்டி, வீட்டு முற்றத்து மணலில காயவைச்சு, உமி மூடிச் சுட்டு, சீலையில அரிச்சு ஆள் மூலம் அனுப்பினது. நான் இவ்வளவு காலமும் நல்ல நாள் பெருநாளுக்கு மட்டும் எடுத்துப் பூசி மிச்சம் பிடிச்சு வைச்சிருந்தன். இப்ப பாதியை உனக்குப் பிரிச்சு அனுப்புறன்.

நேர்த்தி வைச்சிருக்கிறன், பிள்ளை. தம்பி அங்கயிருந்து வெளியில வந்து சேருமட்டும் அவன் சுட்ட நீறு அவன்ர இரத்தத்தில ஒரு நாளும் இல்லாமல் இருக்கக்கூடாது. கலியாணமும் கட்டாதவன். அவன்ர இரத்தமெண்டு நானும் நீயும்தான். நான் பூசுறன். நீயும் பூசவேணும்.

பவுடர், மை, பொட்டு ஒண்டும் உள்ளுக்கு ஆகாதெண்டு நீ நத்தார் லீவில சொன்னது எனக்கு மறக்கேல்லை. யோசிச்சுத்தான் எழுதுறன். தூசு பறக்கிறதுதானே அவைக்குப் பிரச்சினை? தண்ணியில குழைச்சுப் பூசினால் காய்ஞ்சு சுண்ணாம்பு மாதிரிப் பிடிச்சுக்கொள்ளும். நெத்தியிலதான் பூசவேணுமெண்டும் இல்லை. புயம், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் பூசுற இடம்தான். முழங்கைக்கு மேல பூசிச் சட்டைக் கையால மூடு. அதுக்கு மேலயும் அந்த வெள்ளை உடுப்புப் போடுறாய். கடவுளுக்குத் தெரியும், உங்கட பேராசிரியை கிர்ஸ்டனுக்குத் தெரியாது.

கோயிலில தவமணியக்கா கேட்டா, "பி.எச்.டி எண்டால் இன்னும் எத்தினை வருசம் காசு கட்டிறது?" எண்டு. கட்டிறதில்லை அக்கா, அவைதான் மூண்டு வருசத்துக்குச் சம்பளம் தந்து ஆராய்ச்சி பழக்குகினம், விளம்பரம் பாத்து வேலைக்கு மாதிரி விண்ணப்பம் போடவேணும், உங்கட மகனையும் போடச் சொல்லுங்கோ எண்டன். மனிசி நம்பேல்லை. லைப்ரரியில நானோ பற்றி ஒரு டெனிஸ் புத்தகம் எடுத்து அகராதியோட வாசிக்கிறன். ஒரு மயிரைப் பல்லாயிரமாக் கிழிச்ச தடிப்பு எண்டது விளங்குது. ஆர் இருந்து கிழிச்சது எண்டதுதான் விளங்கேல்லை.

அம்மா
இராசலட்சுமி

*

கொப்பன்ஹேகன்
03.03.2009

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதமும் டப்பாவும் கிடைத்தன. தமிழ்ப் பாடசாலையை விட்ட பிறகு நான் எழுதும் முதல் தமிழ்க் கடிதம் இது. பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்பாதீர்கள்.

அம்மா, தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். நீங்கள் நினைப்பதுபோல் தூசு பறப்பது மட்டும் பிரச்சினை இல்லை. நான் வேலை செய்வது ஒரு கண்ணாடிக் குழாய் உலையில். சிலிக்கன் தகடுகளை ஆயிரம் பாகைச் சூட்டில் வைத்து மேலே மெல்லிய படலம் வளர்க்கிறோம். உப்புக் கை ஒன்று பட்டாலே படலம் கெட்டுவிடும். உலை எனக்கு மட்டும் சொந்தமில்லை. எமிலியா என்ற பெண்ணும் அதில்தான் வேலை செய்கிறாள். அவள் எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவள். உலையைத் திறப்பது, தகடு பிடிப்பது எல்லாம் எனக்குப் பழக்கியது அவள்தான்.

ஜூன் 19ஆம் திகதி எனக்கு முதல் வருட மதிப்பீடு. அதில் தேறினால்தான் மிச்ச இரண்டு வருடம். தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த இடத்துக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் எல்லோருக்கும் சொல்லித் திரிகிறீர்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு இதையும் எழுதுகிறேன். இன்று காலை பூசினேன். வலது முழங்கைக்கு மேலே. மாமாவை நான் கண்டது ஒரே ஒரு முறை, சமாதான காலத்தில் போனபோது. கன்றுக்குட்டிக்கு என் பெயரை வைத்துவிட்டு, கோபிக்காதை, நல்ல கறவை மாடாய் வரும் என்றார். அந்த முகம் வந்து நின்றது. அவ்வளவுதான்.

நிஷா

*

சிவமயம்
எஸ்பியர்க்
30.03.2009

என்ர ராசாத்தி,

தம்பி எடுத்தவன். நேற்றுப் பின்னேரம். நான் அரிசி களைஞ்ச கையோட ஓடிப்போய் எடுத்தன்.

"அக்கா, இருக்கிறன்" எண்டான். மாத்தளன் கடற்கரையாம். தறப்பாள் ஒண்டுக்குக் கீழ இருக்கிறானாம். சாப்பிட்டியோ எண்டு கேட்டன். "மாடெல்லாம் செத்துப்போட்டுது அக்கா, நல்லகாலம், அதுகள் கிடந்து உத்தரிக்கேல்லை" எண்டான். பேந்து, "பிள்ளை என்ன செய்யுது?" எண்டு கேட்டான். ஆராய்ச்சி எண்டன். "என்னத்தை ஆராயுது?" கண்ணுக்குத் தெரியாத சின்னதுகளை எண்டன். சிரிச்சான். அந்தச் சத்தத்துக்குள்ள சிரிச்சான், பிள்ளை. "அப்ப எங்களையும் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்கோ" எண்டான். அதோட லைன் போட்டுது.

நீ பூசத் துவங்கின பிறகுதான் எடுத்தவன். அதுக்கு முதல் தை மாசத்தில இருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் கலண்டரில குறிச்சு வைச்சிருக்கிறன். ஒரு நாளும் விடாதை.

கொப்பர் கொப்பன்ஹேகனுக்கு, சண்டையை நிப்பாட்டச் சொல்லுற ஊர்வலத்துக்கு வாறார். பதாகை பிடிக்க ஆள் காணாதாம். உன்னைப் பாக்க நேரம் வருமோ தெரியாது. பக்டரியிலயும் தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, காலுக்குச் சப்பாத்து, அப்ப நானும் விஞ்ஞானியோ எண்டு கேக்கிறார். மனிசனுக்குப் பகிடி விட வாய் வந்தது கனநாளைக்குப் பிறகு.

அம்மா

*

கொப்பன்ஹேகன்
16.04.2009

அன்புள்ள அம்மாவுக்கு,

உலை கெட்டுவிட்டது.

எமிலியா அண்மையில் வளர்த்த படலங்கள் எல்லாம் மின்சாரத்தை ஒழுகவிடுகின்றன. ஒழுகவே கூடாது. முதலில் வாயு சரியில்லை என்று நினைத்தார்கள். பிறகு ஒரு தகட்டைச் சோதித்தார்கள். பொட்டாசியம், கல்சியம், பொசுபரசு. பட்டியலைத் திரையில் பார்த்தபோது எனக்கு விளங்கிவிட்டது. உலைக்கு முன்னால் நின்றால் வேர்க்கும். வேர்வை நீற்றைக் கரைத்துக்கொண்டு கை வழியே கையுறைக்குள் ஓடும். கையுறை மாற்றும்போது விரலில் பட்டிருக்கும். அந்த விரல்களுக்கு மேலே புது உறை போட்டுத் தகடு பிடித்திருக்கிறேன்.

எல்லோரும் எமிலியாவைப் பார்க்கிறார்கள். அவளுக்குத் தோலில் சொறி, ஏதோ களிம்பு பூசுகிறவள். கிர்ஸ்டன் அவளைக் கூப்பிட்டுக் கதைத்தார். வெளியே வந்து, "நான் அந்தக் களிம்பை அறைக்குள் பூசியதே இல்லை, நிஷா, நீ நம்புகிறாய்தானே?" என்றாள். நம்புகிறேன் என்றேன். அம்மா, அதைச் சொல்லும்போதும் என் கையில் அது இருந்தது.

நான் நிறுத்தப்போகிறேன். நிறுத்திவிட்டுச் சொல்லவும் வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. டெனிஸில் இதற்குச் சாம்பல் என்ற சொல் மட்டும்தான் இருக்கிறது. செத்தவரின் சாம்பலைப் பூசிக்கொண்டு வந்தாள் என்று நினைப்பார்கள். தலைத்துண்டு போட்ட முஸ்லிம் பெண்களைப் பற்றித் தொலைக்காட்சியில் கதைக்கிற மாதிரி என்னைப் பற்றியும் சாப்பாட்டு மேசையில் கதைப்பார்கள்.

நிஷா

*

சிவமயம்
எஸ்பியர்க்
18.04.2009

நிஷாந்தி,

உன்ர கடிதத்தை வாசிச்சுப்போட்டுச் சாமியறைக்குள்ள போய் இருந்தன். அழுகை வரேல்லை. கோபம்தான் வந்தது, ஆரில எண்டு தெரியாமல்.

இப்ப நிப்பாட்டாதை. நான் உன்னட்டைக் கெஞ்சிக் கேக்கிறன். புதுவருசத்துக்கும் தம்பி எடுத்து ரண்டு சொல்லுக் கதைச்சவன். மாத்தளனில விழுகிற செல்லை ரிவியில காட்டுறாங்கள். ஆஸ்பத்திரிக்கு மேலயும் விழுகுதாம். இந்தக் கிழமையோ வாற கிழமையோ சனம் வெளியில வந்திடுமெண்டு சொல்லுகினம். கரையைக் கிட்டின நேரத்தில கைவிடச் சொல்லுறியோ? உலையெண்டால் கழுவலாம். கழுவேலாட்டி அவை புதுசு வாங்குவினம், வசதியான நாடு. என்ர தம்பியை நான் எங்க போய் வாங்கிறது?

அந்தப் பிள்ளை எமிலியா பாவம்தான். அவளுக்காகவும் தேவாரம் படிக்கிறன். அவளுக்குத் தாய் தேப்பன் பக்கத்தில இருப்பினம், மேல ஒண்டும் விழாது. கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கொள்ளட்டும்.

நீ படிச்சனி. நான் எட்டாம் வகுப்போட நிண்டனான். எனக்கு வேற ஒண்டும் செய்யத் தெரியாது. ஊர்வலத்தில நிண்டு கத்த எனக்குச் சத்தமும் இல்லை. இது ஒண்டுதான் என்ர கையில இருக்கு. இதையும் விட்டால் நான் சும்மா இருந்து ரிவி பாக்கிற ஆள்.

அம்மா

*

கொப்பன்ஹேகன்
21.04.2009

அம்மா,

எமிலியா பாவம்தான் என்று எழுதிவிட்டுப் பொறுத்துக்கொள்ளட்டும் என்று எப்படி உங்களால் எழுத முடிந்தது?

நான் இனிப் பூசமாட்டேன். இன்று கழுவிவிட்டேன். இனிமேல் எனக்குக் கடிதம் போடவேண்டாம்.

நிஷாந்தி

*

எஸ்பியர்க்
25.05.2009

நிஷாந்திக்கு,

எழுதவேண்டாமெண்டு சொன்னனி. ஒரு மாசம் எழுதாமல்தான் இருந்தன்.

எல்லாம் முடிஞ்சுதெண்டு உனக்கும் தெரிஞ்சிருக்கும். கொப்பர் மூண்டு நாள் வேலைக்குப் போகேல்லை. கதிரையில இருந்தபடி இருக்கிறார். செட்டிகுளம் முகாமில இருக்கிற சனத்தின்ர பெயர்களை ஆரார் மூலமோ விசாரிக்கிறம். தம்பியின்ர ஊர்ச் சனத்தில விமலராணியின்ர குடும்பம் இருக்காம். அந்தோனிதாசன் மாஸ்டர் இருக்கிறாராம். குலேந்திரன் எண்டு ஒருதரும் இல்லை. மாத்தளனில கண்டதெண்டு ஒரு ஆள் சொல்லுது. அதுக்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் நடந்து போனதைக் கண்டதெண்டு இன்னொரு ஆள். அதுக்கங்கால கண்ட ஆளே இல்லை.

நான் கலண்டரை எடுத்து வைச்சுப் பாத்தன். நீ பூசத் துவங்கினது மாசி கழிஞ்சு. பங்குனியில அவன் எடுத்தவன். சித்திரைப் புதுவருசத்துக்கும் எடுத்து, ரண்டு சொல்லுக் கதைச்சவன். ஏப்ரல் இருபத்தோராம் திகதி கழுவிப்போட்டன் எண்டு எழுதினனி. அதுக்குப் பிறகு இந்தப் போன் ஒருக்காலும் அடிக்கேல்லை.

நான் ஒண்டும் சொல்லேல்லை. கலண்டர் சொல்லுறதைத்தான் எழுதியிருக்கிறன்.

இராசலட்சுமி

*

கொப்பன்ஹேகன்
29.05.2009

அம்மா,

உங்கள் கடிதத்தை வேலைக்கு வந்துதான் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

நான் கழுவவில்லை.

அன்று கோபத்தில் எழுதித் தபாலில் போட்டேன். மறுநாள் குளித்துவிட்டு வந்து பூசாமல் புறப்பட்டேன். வாசல் கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பைப் பையில் போட்டேன். பிறகு திரும்பவும் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பூசிக்கொண்டு வந்தேன். இதை நான் நம்புகிறேனா என்று கேட்டால் தெரியாது. ஆனால் நிறுத்துகிற ஆளாக நான் இருக்கமுடியாது என்று மட்டும் தெரிந்தது.

பூசிய கையோடு அந்த அறைக்குள் போகவும் முடியாது. எமிலியாவுக்கு இன்னொரு முறை அதைச் செய்யமாட்டேன். ஆனபடியால் அறைக்குப் போவதை நிறுத்தினேன். ஏப்ரல் 22இலிருந்து ஒரு தகடும் நான் தொடவில்லை. மேசையில் இருந்து கட்டுரைகள் வாசித்தேன். கிர்ஸ்டன் கேட்டபோது தலையிடி என்றேன், பிறகு கணக்குப் போடுகிறேன் என்றேன், பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

சண்டை முடிந்த மே 18ஆம் திகதியும் பூசியிருந்தேன். அதற்குப் பிறகும், டப்பா முடியும்வரைக்கும். கடைசியில் தண்ணீர் விட்டுக் குலுக்கிப் பூசினேன். கலண்டரில் இதையும் குறியுங்கள் அம்மா. ஒரு நாளும் விடவில்லை.

மதிப்பீட்டுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. விலகல் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை கொடுப்பேன். காரணம் எழுதப்போவதில்லை. எஸ்பியர்க்குக்கு வந்து பராமரிப்பு இல்லத்தில் ஏதாவது வேலை பார்க்கிறேன். எமிலியா இன்னும் இருக்கிறாள், மூன்றாம் முறையாகத் தொடக்கத்திலிருந்து செய்கிறாள். படலம் இப்போதும் ஒழுகுகிறது.

நிஷா

*

சிவமயம்
எஸ்பியர்க்
30.05.2009

என்ர பிள்ளை,

இந்தக் கடிதம் செவ்வாய் காலமை உன்னட்டை வரவேணுமெண்டு கொப்பரைக் கொண்டு நேர பெரிய தபால்கந்தோரில குடுப்பிக்கிறன். கிர்ஸ்டனைக் காணமுதல் இதை வாசி. அந்த விலகல் கடிதத்தைக் குடுக்காதை.

நான் அனுப்பின மற்றக் கடிதத்தைக் கிழிச்சு எறி. தாய் எழுதுற கடிதமில்லை அது. அவன் வராததுக்கு ஒரு காரணம் வேணுமாயிருந்தது. கைக்குக் கிட்டினது நீதான்.

உன்ர கடிதத்தைக் கொப்பருக்கு வாசிச்சன். கதிரையில இருந்து எழும்பினார். "பெட்டை ஒரு மாசமா இதையோ செய்துகொண்டிருந்தது?" எண்டார். போய் முகம் கழுவிச் சவரம் எடுத்தார்.

நீ விடேல்லை, நானும் விடேல்லை, அப்பிடியிருந்தும் அவன் வரேல்லை. இதை வைச்சு நான் என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. கடவுளோட இப்ப கதைக்காமல்தான் விளக்கேத்துறன். விளக்கை மட்டும் நிப்பாட்டேல்லை.

ஆனால் ஒண்டு தெரியும். நீ போய்ச் சொல்லவேணும். காரணம் சொல்லாமல் விலகினால் களவெடுத்தவள் மாதிரி இருக்கும், அந்தப் பிள்ளையின்ர தலையிலயும் பழி கிடக்கும். அம்மா செய்வித்தவ எண்டு சொல்லு. செத்தவற்ற சாம்பலில்லை, மாட்டுச் சாணி எண்டு சொல்லு. சிரிச்சால் சிரிக்கட்டும். நான் கொப்பன்ஹேகனுக்கு வந்து என்ர டெனிஸில சொல்லவேணுமெண்டாலும் வாறன். இலக்கணம் பிழைக்கும், விசயம் பிழைக்காது.

இஞ்ச சனம் தம்பிக்குக் கிரியை செய்யச் சொல்லத் துவங்கிட்டுது. உடல் கிடைக்காட்டித் தர்ப்பையில உருவம் செய்து எரிக்கலாமெண்டு ஐயர் சொல்லுறார். அவன்ர கை பட்டது ஏதும் இருந்தால் அதோட சேர்க்கலாமாம். என்ர டப்பாவில ஒரு சிட்டிகை ஒட்டிக்கொண்டு கிடக்கு. அதை நான் பூசாமல் அதுக்கெண்டு மூடி வைச்சிருக்கிறன்.

அம்மா

*

கொப்பன்ஹேகன்
09.06.2009

அன்புள்ள அம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை உங்கள் கடிதம் வந்தது. நான் உடனே போகவில்லை. வியாழக்கிழமைதான் போனேன். எமிலியாவையும் கூட்டிக்கொண்டு கிர்ஸ்டனின் அறைக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்து, இங்கேதான் பூசினேன் என்று காட்டினேன். காட்டும்போது அதில் ஒன்றும் இல்லை, வெறும் கை. கிர்ஸ்டன் சிரிக்கவில்லை. "எவ்வளவு காலமாக உனக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். ஏப்ரல் நடுவிலிருந்து என்றேன்.

எமிலியா எழுந்து யன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பிறகு, "என் களிம்பைச் சோதிக்கக் கொடுத்தபோது நீதான் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தாய்" என்றாள். ஓம், வாங்கிக் கொடுத்தேன்.

சாம்பல் ஏன் என்று கிர்ஸ்டன் கேட்டார். மாமாவைப் பற்றிச் சொன்னேன். சொல்லத் தொடங்கியதும் டெனிஸ் எல்லாம் போய்விட்டது. ஏழு வயதுப் பிள்ளை கதைக்கிற மாதிரிக் கதைத்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னது இதுதான்: மதிப்பீடு செய்வது தான் மட்டும் இல்லை, குழு. நான் சொல்வதைக் குழு நம்பவேண்டுமென்றால் ஆதாரம் வேண்டும். பொட்டாசியம் எங்கிருந்தும் வரலாம், தண்ணீரிலிருந்தும் வரலாம், களிம்பிலிருந்தும் வரலாம். சாம்பலையே கருவியில் வைத்துப் பார்த்து, தகட்டில் இருப்பதும் அதுவும் ஒன்று என்று காட்டினால், மார்ச்சுக்கு முன்னால் எமிலியா செய்த தகடுகள் நல்லவை என்று ஏற்றுக்கொள்வார்கள். அவளுடைய ஒரு வருட வேலை தப்பும். என்னை என்ன செய்வது என்பதையும் அதற்குப் பிறகுதான் யோசிப்பார்கள். கருவி 15ஆம் திகதி கிடைக்கும்.

என் டப்பாவைத் தண்ணீர் விட்டுக் கழுவியல்லவா பூசினேன். ஒரு துகளும் இல்லை. நான் கேட்பது என்னவென்று எனக்குத் தெரியும், அம்மா. ஒரு சிட்டிகை போதும், ஆனால் அது திரும்பி வராது. கருவி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித்தான் பார்க்கும்.

கோயில் நீறு வேறு ஏதும் அனுப்பினால் ஒத்துவராது. இல்லை என்று சொன்னால் எனக்கு விளங்கும். கோபிக்கமாட்டேன்.

நிஷா

*

சிவமயம்
எஸ்பியர்க்
11.06.2009

அன்புள்ள நிஷாந்திக்கு,

கொப்பரோட சண்டை பிடிச்சுப்போட்டு எழுதுறன். அவர் கிரியைக்கு நாள் பாத்து ஐயரிட்டைச் சொல்லியும் போட்டார். "உன்ர தம்பிதானே, வெறுங்கையோட அனுப்பப்போறியோ?" எண்டு கேக்கிறார். மனிசன் பிழையாக் கேக்கேல்லை. கடைசிக் காரியத்துக்குப் பொம்பிளை சுடலைக்குப் போறதில்லை. அந்தச் சிட்டிகை போனால் நான் போனமாதிரி எண்டுதான் நானும் நினைச்சிருந்தன்.

இண்டைக்கு உன்ர கடிதத்தை வைச்சுக்கொண்டு அந்த டப்பாவைத் திறந்து பாத்தன். இத்தினை நாளும் இதை ஏன் பூசாமல் மூடி வைச்சனான்? செத்தவனுக்கெண்டு வைச்சன். ஆரும் சொல்லமுதல், ஒரு பட்டியல் வரமுதல், நானே அவனைச் சாகக் குடுத்துப்போட்டன். நேர்த்தி வைச்ச நான்தான் முதல் கைவிட்டது.

கிரியை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். கொப்பர் ஐயருக்குப் போன் பண்ணிச் சொன்னவர், வீட்டு லைனில. நான் தடுக்கேல்லை.

டப்பாவை இதோட அனுப்புறன். சுரண்டி எடுக்கேல்லை, சுரண்டினால் என்ர நகத்தில கொஞ்சம் போயிடும். அப்பிடியே முழுசாக் குடு. அந்தக் கருவி தின்னட்டும். பூசையில வைக்கிறதைச் சோதனையில வைக்கிறது பாவமோ எண்டு யோசிச்சன். ஆருக்கும் பாவம் வரக்கூடாதெண்டு செய்யிற காரியம் பாவமாகாது எண்டு நினைக்கிறன். ஐயரிட்டைக் கேக்கேல்லை.

எமிலியாவுக்கு அம்மா மன்னிப்புக் கேட்டதாச் சொல்லு. அவள் கேக்க விரும்பினால் மட்டும் சொல்லு. சாப்பாட்டுப் பொதியெல்லாம் அனுப்பி அந்தப் பிள்ளையைச் சங்கடப்படுத்தமாட்டன்.

பதினைஞ்சாம் திகதி நீ நெஞ்சு பதறாமல் நில்.

அம்மா

*

கொப்பன்ஹேகன்
03.07.2009

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் முடிவை மட்டும் சொன்னேன், நீங்களும் சரி பிள்ளை என்று வைத்துவிட்டீர்கள். மிச்சத்தை எழுதுகிறேன்.

ஒத்துவந்தது. பொட்டாசியமும் கல்சியமும் அளவுக்கு அளவு. அதோடு இன்னொன்றும் இருந்தது, ரைற்ரேனியம் என்ற உலோகம். கருவியைப் பார்ப்பவர் பிரெபன் என்று ஒரு கிழவர், அதிகம் கதைக்காதவர். "மாட்டுச் சாணிக்குள் ரைற்ரேனியம் எப்படி வந்தது?" என்று கேட்டார். முற்றத்து மணலில் காயவைத்தது என்றேன். மாமாவின் ஊர்க் கடற்கரையில் கறுப்பு மணல் இருக்கிறது, அதில் ரைற்ரேனியம் இருக்கும். எமிலியாவின் பிந்திய தகடுகளிலும் அதே ரைற்ரேனியம், மயிரிழை அளவு. முந்தியவற்றில் இல்லை. எந்தக் கடற்கரை என்று கேட்டார். முல்லைத்தீவு என்றேன். கணினியில் வரைபடத்தைத் திறந்து, காட்டு என்றார். காட்டினேன். அந்த ஊர் செய்தியில் வந்த மாதங்களில் இந்தக் கட்டடத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

எமிலியாவின் முந்திய தகடுகளை ஏற்றுக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு வருடம் தப்பியது, அரை வருடம் போனது. அவள் என்னோடு இன்னும் கதைப்பதில்லை. நீங்கள் மன்னிப்புக் கேட்டதைச் சொல்லட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள்.

நான் தேறவில்லை, அம்மா. போனில் மூன்று மாதத் தவணை என்றுதானே சொன்னேன், அதன் அர்த்தம் இதுதான். முதல் முறை தேறாதவருக்குச் சட்டப்படி கொடுக்கும் தவணை. செப்டெம்பரில் திரும்பவும் பார்ப்பார்கள். அதற்கு முன் உலையைப் பிரித்து, குழாயை அமிலத்தில் கழுவி, திரும்பப் பூட்டி, ஒழுகாத ஒரு படலமாவது வளர்த்துக் காட்டவேண்டும். கழுவுகிற வேலை முழுவதும் என் பொறுப்பு. முடியுமா என்று கிர்ஸ்டனைக் கேட்டேன். "உறுதி சொல்லமாட்டேன், ஆனால் நாளைக்குத் தொடங்கு" என்றார். தொடங்கிவிட்டேன். கையில் ஒன்றும் பூசவில்லை. போகும்போது கை பாரமில்லாமல் இருப்பது இன்னும் பழகவில்லை.

ஒன்று மட்டும் போனில் சொல்லவில்லை.

சோதனைக்கு எதை வைத்தாலும் முதலில் கணினியில் பதியவேண்டும். பொருளின் பெயர், சாம்பல் என்று போட்டேன். கிடைத்த இடம், முல்லைத்தீவு. தயாரித்தவர் என்று ஒரு கட்டம் இருந்தது, மாமாவின் முழுப் பெயரையும் எழுதினேன். கடைசிக் கேள்வி, இதே பொருளை அதே ஆளிடமிருந்து திரும்பவும் பெறமுடியுமா என்பது. ஆம், இல்லை என்று இரண்டே இரண்டு கட்டம். நான் இரண்டையும் தொடாமல் விட்டேன். விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகாது. பிரெபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆம் என்று போட்டேன், அம்மா.

நிஷா